ரைடு 2 நிமிடம், வெயில் வரிசை 50 நிமிடம்

வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறைக்குப் பொழுதுபோக்குப் பூங்கா போகும் குடும்பங்களிடமிருந்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள். எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒன்றுதான்: டிக்கெட் எடுத்தாயிற்று, பிள்ளைகள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், இந்த வெயிலில் எப்படிச் சமாளிப்பது? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மே முதல் வாரத்தில் சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் உள்ள ஒரு பூங்காவுக்குப் போகிறோம். அன்று 38 டிகிரி என்று செல்போன் காட்டுகிறது. எந்த நேரத்தில் எதில் ஏறுவது?
– வாசகி, வேளச்சேரி

அந்த 38 டிகிரி, நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்த வெப்பமானியின் கணக்கு. நீங்கள் நிற்கப்போவது கான்கிரீட் தரையில், முன்னும் பின்னும் ஆட்கள் நெருக்கும் வரிசையில். கடலோரம் என்பதால் புழுக்கமும் சேரும். 35 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் நிழலில் நிற்பவருக்கே 50 டிகிரி போலத் தாக்கும். நேர் வெயிலில் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம். ரைடு ஓடும்போது முகத்தில் காற்று அடிக்கிறது, அந்த 2 நிமிடத்தில் யாரும் சுருண்டு விழுவதில்லை. அதற்கு முன்னால் நிற்கும் 50 நிமிடம்தான் ஆளைச் சாய்க்கிறது. அதனால் எந்த ரைடு பிரமாதம் என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த வரிசைக்குக் கூரையும் மின்விசிறியும் இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், மே முதல் வாரத்திலும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். பகல் 12 மணிக்குச் சுவரோரம் ஒதுங்கினால் ஒரு சாண் நிழல்கூடக் கிடைக்காது. மரமோ கூரையோ இருந்தால்தான் உண்டு.

கதவு திறந்ததும் கூட்டம் முழுக்க முதலில் கண்ணில் படும் ரைடில் போய் நிற்கும். நீங்கள் நேராகப் பூங்காவின் கடைக்கோடிக்குப் போய், கூரையில்லாத வரிசை உள்ள பெரிய ரைடுகளை 11.30க்குள் முடித்துவிடுங்கள். 11.30க்கே சாப்பிட உட்காருங்கள், 1 மணிக்குப் போனால் உணவகத்திலும் வரிசைதான். 12.30 முதல் 3 வரை ஏசி அரங்கு, 3டி காட்சி, உள்ளரங்க விளையாட்டு. 3 மணிக்கு மேல் தண்ணீர். பல பூங்காக்களில் நீர் விளையாட்டுப் பகுதியை மாலை 5 மணிவாக்கில் மூடிவிடுவார்கள், டிக்கெட் எடுக்கும்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு மிச்ச ரைடுகள்.

கடற்காற்றையும் கணக்கில் வையுங்கள். சென்னைக் கரையில் அது பெரும்பாலும் நண்பகலுக்கும் 2 மணிக்கும் நடுவில் நுழையும், நுழைந்ததும் சூடு மளமளவென்று இறங்கும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் அது தள்ளிப்போகும், சில நாள் வரவே வராது. சென்னை பதறிப்போகும் உச்ச வெயில் நாட்கள் அவைதாம். 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. வானிலைச் செயலியில் பகல் 2 மணிக்குக் காற்று கிழக்கு அல்லது தென்கிழக்கு என்று காட்டினால் ஈசிஆர் பக்கம் தைரியமாகப் போகலாம். மேற்கு என்று காட்டினால், முடிந்தால் நாளை மாற்றுங்கள். பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் பக்கப் பூங்காக்களுக்குக் கடற்காற்று இன்னும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். வார நாளில் போவது எல்லா உபாயங்களையும்விடப் பெரியது, வரிசை பாதியானால் வெயிலும் பாதி.

இளநீர், மோர், குளுக்கோஸ், ஓஆர்எஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை, எவ்வளவு குடிப்பது?
– வாசகர், கும்பகோணம்

முதலில் தண்ணீர். பெரியவர்கள் வெயிலில் நடமாடும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 240 மில்லி. தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள் என்று பொருள். அதே சமயம் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டாதீர்கள். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலியும் குமட்டலும் வந்து, முற்றினால் வலிப்புவரை போகும். நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் தண்ணீரைக் கொடுத்து நிலைமையைக் கெடுத்துவிடுவார்கள்.

உப்புக்கு எளிய வழி நீர்மோர். தாராளமாகவே உப்புப் போட்ட மோர் இரண்டு மூன்று டம்ளர், நடுவே ஒரு வேளைச் சாப்பாடு, ஆரோக்கியமான ஆளுக்கு இது போதும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். இளநீர் மட்டுமே குடிப்பதாக இருந்தால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியமே ஆபத்து, அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைத் தொடக் கூடாது. கோலா வகையறாவில் சர்க்கரை மிகுதி. வயிற்றில் தங்கி உப்புசம் தரும், அதோடு ரைடில் ஏறினால் வாந்திதான்.

ஓஆர்எஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டரில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் இருக்க வேண்டும். பழச்சாறு மாதிரி அட்டைப்பெட்டியில் வந்த பல பானங்கள் இதற்குப் பக்கத்திலேயே வராமல், சர்க்கரை அள்ளிப்போட்டு, பெயரில் மட்டும் ஓஆர்எஸ் என்று வைத்திருந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. மருந்துக் கடையில் பொடிப் பாக்கெட்டாகவே வாங்குங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். ‘கொஞ்சம் போதும்’ என்று ஒரு டம்ளரில் பாதிப் பொடியைக் கொட்டினால் கடும் உப்பாகி, குழந்தைகளுக்குத் தீங்கு செய்யும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். பாக்கெட் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. அளவைக் கண்மதிப்பில் விடாதீர்கள்.

போதுமான அளவு குடிக்கிறோமா என்று சிறுநீரின் நிறமே சொல்லும். வெளிர் மஞ்சள் என்றால் சரி, தேநீர் நிறத்தில் போனால் உடனே நிழலில் உட்கார்ந்து குடியுங்கள்.

தண்ணீர் ரைடுகளுக்குப் பருத்தி உடை கூடாது என்கிறார்களே. நைலான் போட்டால் வெயிலில் வெந்துவிட மாட்டோமா?
– வாசகி, ஈரோடு

பருத்தி நனைந்தால் கனத்துத் தொங்கும், சறுக்கில் மாட்டும், நூலும் பஞ்சும் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும். அதனால்தான் நைலான், பாலியஸ்டர், லைக்ரா என்று கேட்கிறார்கள். நனைந்திருக்கும்வரை நைலான் சுடாது. காய்ந்த பிறகு அதே உடையில் மற்ற ரைடு வரிசையில் நின்றால்தான் புழுக்கம் தாங்காது. ஆகவே இரண்டு செட்: உலர் ரைடுகளுக்கு வெளிர்நிறத் தொளதொள பருத்தி, தண்ணீருக்கு முழுக்கை லைக்ரா. முழுக்கைச் சட்டை எந்த சன்ஸ்கிரீனையும்விட நன்றாகத் தோளையும் முதுகையும் காக்கும். மிச்ச இடங்களுக்கு எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை வெயிலுக்கு 20 நிமிடம் முன்பே பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரை விட்டு ஏறும்போதும் மறுபடி பூச வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு தேவை. பொட்டு மாதிரித் தொட்டு வைத்தால் பயனில்லை.

ஈர உடையோடு நடந்தால் தொடை இடுக்கு உரசிப் புண்ணாகும். காலையிலேயே வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லும் இடங்களில் கான்கிரீட் தரை பிள்ளைகளின் உள்ளங்காலைக் கொப்பளிக்க வைக்கும், ரப்பர் அடிப்பாகம் உள்ள நீர்க் காலணி வாங்கிக் கொடுங்கள்.

கழுத்தில் ஈரத் துண்டு சுற்றுவது நல்ல வழி. ஆனால் ரைடில் ஏறும்போது அதையும் துப்பட்டாவையும் கழற்றிப் பைக்குள் வைத்துவிட வேண்டும், தலைமுடியைக் கொண்டை போட வேண்டும். கோ-கார்ட் சக்கரத்தில் துப்பட்டாவும் கூந்தலும் சிக்கி உயிர்போன விபத்துகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. இதில் ஒரு சமரசமும் வேண்டாம்.

8 மாதக் குழந்தையும் 4 வயதுப் பையனும் இருக்கிறார்கள். கூட்டிப் போகலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பையனை அழைத்துப் போகலாம். கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட முடிந்தால் விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் யோசனை. அந்த வயதில் உடம்பு சூட்டைச் சீராக்கப் பழகியிருக்காது, தனக்குத் தாகம் என்று சொல்லவும் தெரியாது.

அழைத்துத்தான் போகவேண்டும் என்றால் மாலை 4 மணிக்கு மேல் போங்கள். தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தி மூடாதீர்கள். நிழல் என்று நினைத்துச் செய்வது உள்ளே காற்றை அடைத்துச் சூட்டை ஏற்றிவிடும். குடையோ வண்டியின் மேற்கூரையோ போதும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். உடம்போடு கட்டித் தூக்கினால் உங்கள் சூடும் குழந்தைக்குச் சேரும், அரைமணிக்கு ஒருமுறை இறக்கி விசிறுங்கள். தாய்ப்பால் அடிக்கடி கொடுங்கள், நடுவே சில மடக்குத் தண்ணீரும் கொடுக்கலாம். 6 மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலே போதும், அம்மாதான் கூடுதலாகக் குடிக்க வேண்டும். 6 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது என்றால் வீட்டுக்கு அல்ல, நேரே மருத்துவமனைக்கு.

தூங்கும் குழந்தையைக் காரில் விட்டு ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று டிக்கெட் கவுன்டருக்குப் போகவே போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய மாற்றமில்லை.

கோடை முகாம் பிள்ளைகள் 45 பேரை மேட்டுப்பாளையத்தில் உள்ள நீர்ப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம். 10 முதல் 13 வயது. என்ன ஏற்பாடு?
– முகாம் ஆசிரியர், கோத்தகிரி

உங்கள் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் குளிரில் பழகியவர்கள். சமவெளி வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும், நீங்கள் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறீர்கள். மேட்டுப்பாளையத்துப் பிள்ளைகளுக்குத் தாங்குவது இவர்களுக்குத் தாங்காது.

ஒரு பிள்ளைக்கு 20 நிமிடத்துக்கு 150 மில்லி என்று வைத்தால் 45 பேருக்கு மணிக்கு 20 லிட்டர், அதாவது மணிக்கு ஒரு கேன். 5 மணி நேரத்துக்கு 5 கேன். வெளித் தண்ணீரை உள்ளே விட மாட்டார்கள் என்றால் குடிநீர்க் குழாய் எங்கே என்று முதல் நாளே கேட்டு, கையில் பாட்டில் கொடுத்துவிடுங்கள். தண்ணீருக்குள் விளையாடும் பிள்ளைக்கு வியர்ப்பது தெரியாது, தாகமும் மழுங்கிவிடும். விசில் அடித்துக் கரையேற்றி, உங்கள் கண்முன்னால் குடிக்கவைக்க வேண்டும். ‘குடித்தாயா?’ என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டும்.

இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, ஒருவர் சோர்ந்தால் மற்றவர் வந்து சொல்ல வேண்டும் என்று சொல்லிவையுங்கள். திரும்பும் பேருந்தைப் புறப்பட 15 நிமிடம் முன்பே நிழலுக்குக் கொண்டுவந்து ஜன்னல்களைத் திறந்துவிடச் சொல்லுங்கள். நாள் முழுக்கத் தாங்கிய பிள்ளை, வெந்து கிடக்கும் பேருந்தில் ஏறி, கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கும்.

போன வருடம் ஒரு பூங்காவில் என் கணவர் வரிசையிலேயே மயங்கி விழுந்தார். சோடா கொடுத்து எழுப்பினார்கள். சாதாரண மயக்கமா, ஆபத்தா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, சேலம்

எல்லாரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். வெப்பச் சோர்வு என்றால் நிறைய வியர்க்கும், தோல் பிசுபிசுவென்று குளிர்ந்திருக்கும், தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் தசைப்பிடிப்பு வரும், ஆனால் பேச்சு தெளிவாக இருக்கும். நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, உடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் துடைத்து, உப்பு மோரோ ஓஆர்எஸ்ஸோ மெல்ல மெல்லக் கொடுத்தால் அரைமணியில் தேறுவார்கள். அன்றைக்கு அதோடு ரைடு போதும்.

வெப்ப வாதம் வேறு. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறும். பெயர் என்ன, இது எந்த ஊர், என்ன கிழமை என்று கேளுங்கள். குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, கோபப்பட்டாலோ, குடித்தவர் போலத் தள்ளாடினாலோ அது வெப்ப வாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘வியர்க்கிறதே, அதனால் பயமில்லை’ என்பது தவறு. வெயிலில் அலைந்து வரும் வெப்ப வாதத்தில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

ஒருவர் 108க்கு அழைக்க, மற்றவர்கள் குளிர்விக்க ஆரம்பியுங்கள். ஆம்புலன்ஸ் வந்து பார்த்துக்கொள்ளும் என்று நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் சேதம். நிழலுக்கு இழுத்து, காலணியும் இறுக்கமான உடையும் கழற்றி, தலை முதல் கால்வரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அட்டையோ முறமோ கிடைத்ததை வைத்துப் பலமாக விசிறுங்கள். பழச்சாறுக் கடையில் ஐஸ் இருக்கும், வாங்கித் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். நினைவு சரியில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சடைக்கும். சோடாவும் இதில் சேர்த்தி. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பாரசிட்டமால் வேலை செய்யாது, இது காய்ச்சல் அல்ல.

உங்கள் கணவர் வரிசையில் விழுந்து, உடனே எழுந்து தெளிவாகப் பேசியிருந்தால், நெடுநேரம் நின்று ரத்தம் காலில் தேங்கியதால் வந்த மயக்கமாக இருக்கலாம். இருந்தாலும் ஒருமுறை விழுந்தவர் அடுத்த பயணத்துக்கு முன் ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துவிடுவது நல்லது.

எனக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறேன். மனைவிக்கு ரத்த அழுத்த மாத்திரை. பேரப் பிள்ளைகளோடு போகலாமா?
– வாசகர், நாகர்கோவில்

போகலாம், ஒரு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் (ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃபுரோசமைடு) உடம்பு நீரை வெளியேற்றும். அட்டெனலால், மெட்டோபுரோலால் வகை, இதயம் சூட்டுக்கு ஈடுகொடுத்து வேகமாக ஓடுவதைத் தடுக்கும். சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சிறுநீர் வழியே சர்க்கரையோடு நீரையும் இழுத்துவிடும். எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. அன்றைய அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரே சொல்லட்டும்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பேனா 30 டிகிரிக்கு மேல் தாங்காது. காரிலும், வெயிலில் காயும் இரும்பு லாக்கரிலும் வைக்காதீர்கள். வாயகன்ற ஃபிளாஸ்கின் அடியில் குளிர்ந்த ஐஸ் பேக், அதன்மேல் உலர்ந்த கைத்துண்டு, அதற்குள் பேனா. ஐஸில் நேரே பட்டு உறைந்தாலும் இன்சுலின் கெட்டது கெட்டதுதான். வெயிலில் ரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வேகமாக இறங்கும், கூடவே நடையும் அதிகம். தாழ்சர்க்கரையின் படபடப்பும் வெப்பச் சோர்வின் படபடப்பும் ஒன்று போலவே இருக்கும். சந்தேகம் வந்தால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள், சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும்.

ஜூலையில் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போகிறோம். ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். அங்கே வெயில் எப்படி?
– வாசகி, கோவை

கோவைக்காரர்களுக்கு ஆர்லாண்டோ ஜூலை, சென்னை மாதிரி இருக்கும். 33 டிகிரிதான் காட்டும், புழுக்கம் பிழிந்தெடுக்கும். மதியத்துக்கு மேல் இடிமழை வழக்கம். மின்னல் நெருங்கினால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே வெளி ரைடுகள் காலையில், மதியம் விடுதிக்குத் திரும்பி ஒரு தூக்கம், மழை விட்ட பிறகு மறுபடி. மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பிள்ளைகள் ஆசையில் அப்பா அம்மாவை நாள் முழுக்க நடத்திவிடுவார்கள்.

தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். குளிர்பானம் ஊற்றிக்கொடுக்கும் துரித உணவுக் கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசம். வீட்டுச் சாப்பாடும் கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரமும் உதிரி ஐஸ் கட்டியும் மட்டும் கூடாது, உறைய வைத்த ஐஸ் பேக் கொண்டுபோங்கள். மேஜிக் கிங்டமில் ‘கரௌசல் ஆஃப் பிராக்ரஸ்’, எப்காட்டில் ‘அமெரிக்கன் அட்வென்சர்’ இரண்டும் ஏசியில் உட்கார்ந்தபடி 20 நிமிடத்துக்கு மேல் பார்க்கும் காட்சிகள். மூட்டுவலி இருந்தால் தயங்காமல் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுங்கள். ஒவ்வொரு பூங்காவிலும் ஏசி போட்ட முதலுதவி மையம் உண்டு. தலைசுற்றினால் அங்கே போய்ப் படுக்கலாம். உள்ளே ஏசி கடுங்குளிர், பையில் ஒரு சால்வை வையுங்கள். அவசர எண் 911.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?
– வாசகி, மதுரை

நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதியில்லை, குழந்தை உணவையும் மருந்தையும் பெரும்பாலும் விடுவார்கள். காரில் வைத்து வந்து சாப்பிடுவதானால் புளியோதரையும் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லியும் தாங்கும். தேங்காய்ச் சட்னி முதலில் கெடும், அடுத்தது உருளைக்கிழங்கு மசாலா. தயிர்சாதம் வேண்டும் என்றால் பால் சாதமாகப் பிசைந்து, ஒரு கரண்டித் தயிர் மட்டும் உறை ஊற்றி, ஐஸ் பேக்கோடு பெட்டியில் வையுங்கள். மதியத்துக்குப் புளிக்காமல் இருக்கும். பிரியாணியை ரைடெல்லாம் முடிந்த பிறகு இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.